டார்ச்லைட்டுக்கு எந்த பேட்டரி? சார்ஜ் ஏற்றுவதா, தீர்ந்ததும் தூக்கிப் போடுவதா?

ஒரு டார்ச்லைட்டுக்கு எந்த பேட்டரி பொருந்தும் என்பதை லைட்டின் விலையை வைத்துச் சொல்ல முடியாது. வாரத்தில் எத்தனை நாள் எரிகிறது, எரியாத நாளில் எங்கே கிடக்கிறது, இந்த இரண்டையும் கேட்டால்தான் சொல்ல முடியும். ராத்திரி ரோந்து போகும் ஜாகாவின் லைட்டுக்கும், கரண்ட் போனால் மட்டும் தேடப்படும் அலமாரி லைட்டுக்கும் ஒரே பேட்டரியை வாங்கினால் ஏதாவது ஒன்றில் காசு வீணாகும். பெரும்பாலும் கெட்டுப்போவது அலமாரி லைட்தான், அதுவும் அவசரத்துக்கு எடுக்கும்போதுதான் தெரியவரும். 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பினாங்கைப் புயல்காற்றும் வெள்ளமும் சேர்ந்து அடித்தபோது பல வட்டாரங்களில் மின்சாரம் நின்றது. அப்படிப்பட்ட இரவுக்கென்று வாங்கி வைத்த லைட்டைத் திறந்தால், உள்ளே வெள்ளைப் பொடி பூத்து ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும். பத்து வெள்ளி பேட்டரி எண்பது வெள்ளி லைட்டைத் தின்றுவிட்டது என்று அர்த்தம்.

லைட்டைத் திறந்து பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் பின்மூடியை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றுங்கள். எத்தனை பேட்டரி, என்ன சைஸ், எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். குழாயின் உட்சுவரிலோ பேட்டரிக் கூட்டிலோ வோல்ட் அளவு அச்சிட்டிருக்கும். கையேடு இருந்தால் ரீசார்ஜ் பேட்டரி போடலாமா கூடாதா என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

வெள்ளை எல்இடி எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். ஒரே ஒரு ஏஏ பேட்டரியில் எரியும் லைட் என்றால், 1.5 வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் சர்க்யூட் உள்ளே கண்டிப்பாக இருக்கும். இப்படிப்பட்ட லைட்டில் 1.2 வோல்ட் ரீசார்ஜ் பேட்டரி எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடும். வோல்ட் குறைகிறதே, மங்கலாகத்தானே எரியும் என்று பலர் தயங்குகிறார்கள். சர்க்யூட் உள்ள லைட்டில் அந்தப் பயம் வேண்டாம்.

பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஐந்து பத்து வெள்ளிக்குக் கிடைக்கும், மூன்று ஏஏஏ போடும் லைட் வேறு ரகம். அதில் பெரும்பாலும் சர்க்யூட்டே இருக்காது, ஒரு ரெசிஸ்டர் இருந்தால் அதிகம். மூன்று ஆல்கலைன் சேர்ந்தால் 4.5 வோல்ட், மூன்று நிக்கல் ரீசார்ஜ் சேர்ந்தால் 3.6 வோல்ட். ஆகவே ரீசார்ஜ் போட்டால் ஆரம்ப வெளிச்சம் குறைவாகத் தெரியும். ஆனால் ஆல்கலைன் போட்டது முதல் சில நிமிடங்கள் பளிச்சென்று எரிந்துவிட்டுப் படிப்படியாக மங்கிக்கொண்டே போகும். நிக்கல் போட்டது ஆரம்பித்த அளவிலேயே நெடுநேரம் நின்று, கடைசியில் சட்டென்று இறங்கும். இருட்டில் நடப்பவருக்கு இரண்டாவதுதான் வசதி, ஆனால் அது முன்னெச்சரிக்கை தராது. மாற்று பேட்டரி பையில் இருக்க வேண்டும்.

அடுத்தது, போட்டால் பொருந்துகிறதா என்பது. சில ரீசார்ஜ் ஏஏ, ஏஏஏ பேட்டரிகளின் + முனைக் குமிழ் ஆல்கலைனைவிடக் குட்டையாக இருக்கும். தலைகீழாகப் போட்டால் எரியாமலிருக்கப் பேட்டரிக் கூட்டில் பிளாஸ்டிக் மேடு வைத்திருப்பார்கள். குமிழ் அந்த மேட்டைத் தாண்டி உலோகத்தைத் தொடாவிட்டால் லைட் எரியாது. புது பேட்டரி கெட்டது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவதற்கு முன் இதைக் கவனியுங்கள். அதிகக் கொள்ளளவு ரீசார்ஜ் பேட்டரிகள் சில நூலிழை தடிப்பாகவும் இருக்கும். இறுக்கமான குழாயில் அழுத்தித் திணித்தால் வெளியே எடுக்கப் பாடுபட வேண்டியிருக்கும்.

அட்டையில் எதைப் பார்ப்பது

பேட்டரியின் மேல் சிறு எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். விளம்பரச் சொற்களைவிட அதுதான் உண்மையைச் சொல்லும். ஏஏ சைஸில் ஆர்6 என்றால் கார்பன்-ஜிங்க், எல்ஆர்6 என்றால் ஆல்கலைன், எஃப்ஆர்6 என்றால் ஒருமுறை மட்டும் பயன்படும் லித்தியம் (இனி ஒருமுறை லித்தியம்), எச்ஆர்6 என்றால் நிக்கல்-மெட்டல்-ஹைட்ரைடு ரீசார்ஜ். ஏஏஏ என்றால் 6க்குப் பதில் 03, டி சைஸ் என்றால் 20.

கார்பன்-ஜிங்க் பேட்டரிகளில் ‘ஹெவி டியூட்டி’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இருப்பதிலேயே பலம் குறைந்தது இதுதான். சுவர்க்கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் போதும். டார்ச்லைட் இழுக்கும் மின்னோட்டத்தைத் தாங்காது. தீரத் தீர அதன் துத்தநாகக் கூடே கரைந்து மெலிவதால் ஒழுகவும் செய்யும். லைட்டோடு இலவசமாகத் தரும் பேட்டரி இந்த வகையாக இருந்தால், லைட் எரிகிறதா என்று பார்த்துவிட்டு எடுத்துவிடுங்கள்.

ஆல்கலைன் நல்ல பேட்டரிதான், ஆனால் அதன் கொள்ளளவு நீங்கள் எவ்வளவு வேகமாக இழுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு ஏஏ ஆல்கலைனை 25 மில்லிஆம்பியரில் மெல்ல இழுத்தால் 2,500 எம்ஏஎச்சுக்கு (மில்லிஆம்பியர்-மணி, கொள்ளளவின் அளவு) மேல் தரும். 500 மில்லிஆம்பியரில் இழுத்தால் 1,500 சுற்றுதான் கிடைக்கும். ஓர் ஆம்பியர் இழுத்தால் இன்னும் குறையும். மெல்லிய வெளிச்சத்தில் இரவு முழுக்க எரியும் சிறு விளக்குக்கு ஆல்கலைன் சிக்கனம். பிரகாசமான லைட்டில் பாதி சக்தி உள்ளேயே சூடாகப் போய்விடும்.

நிக்கல்-மெட்டல்-ஹைட்ரைடை இனி நிக்கல் என்றே சொல்வோம். பழைய நிக்கல் பேட்டரிகள் சும்மா வைத்திருந்தாலே மாதத்துக்கு 20, 30 விழுக்காடு சார்ஜை இழக்கும். நம் ஊர் வெப்பத்தில் இன்னும் வேகமாக. ரீசார்ஜ் பேட்டரி என்றாலே எடுக்கும்போது காலியாக இருக்கும் என்ற பேச்சு அந்தக் காலத்தது. 2005இல் சான்யோ நிறுவனம் எனெலூப் என்ற பெயரில் தானாகச் சார்ஜ் அதிகம் இறங்காத வகையைக் கொண்டுவந்தது. இன்று அது பேனசோனிக் பெயரில் வருகிறது, வேறு நிறுவனங்களும் அதே வகையைச் செய்கின்றன. அட்டையில் ‘ரெடி டு யூஸ்’ அல்லது ‘ப்ரீ-சார்ஜ்டு’ என்று இருந்தால் அது இந்த வகை. ஓர் ஆண்டு வைத்து எடுத்தாலும் பெரும்பகுதி சார்ஜ் இருக்கும். ஏஏ சைஸில் 1,900 முதல் 2,100 எம்ஏஎச் வரை உள்ளதையே வாங்குங்கள். 2,500 உள்ளது ஒவ்வொரு முறையும் கூடுதல் நேரம் எரியும், ஆனால் அதை ஏற்றி இறக்கும் ஆயுள் வெகுவாகக் குறைவு. வழக்கமான எனெலூப்புக்கு 2,100 முறை, அதன் ‘ப்ரோ’ வகைக்கு 500 முறை என்று தயாரிப்பாளரே போட்டிருக்கிறார். ஏஏ சைஸில் 3,000க்கு மேல் எழுதியிருக்கும் நிக்கலை நம்பவே வேண்டாம்.

டி சைஸ் ரீசார்ஜில் ஒரு பழைய தந்திரம் உண்டு. பெரிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு சின்ன ஏஏவை வைத்து டி சைஸ் என்று விற்பார்கள். கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். உண்மையான டி நிக்கல் 150 கிராம் சுமார் கனக்கும், 8,000 எம்ஏஎச்சுக்கு மேல் இருக்கும். 2,500 என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது ஏஏதான்.

ஒருமுறை லித்தியம், அதாவது எஃப்ஆர்6, விலை அதிகம். சார்ஜ் ஏற்றக் கூடாது. ஆனால் ஒழுகுவது மிக அரிது, 20 ஆண்டு வைத்தாலும் தாங்கும் என்று உத்தரவாதம் தருகிறார்கள், எடை ஆல்கலைனின் 23 கிராமுக்கு எதிராக 15 கிராம்தான். ஓர் எச்சரிக்கை: புதிதாக இருக்கும்போது ஒன்று 1.8 வோல்ட் வரை காட்டும். சர்க்யூட் இல்லாத மூன்று பேட்டரி லைட்டில் போட்டால் 5.4 வோல்ட் நேராக எல்இடிக்குப் போய் அது கருகலாம்.

இப்போது யுஎஸ்பி-சி துளையோடு 1.5 வோல்ட் லித்தியம் ரீசார்ஜ் ஏஏவும் வருகிறது. உள்ளே லித்தியம்-அயனும் (சார்ஜ் ஏற்றக்கூடிய லித்தியம் வகை, ஒருமுறை லித்தியம் அல்ல) வோல்ட்டை இறக்கும் சிறு சர்க்யூட்டும் இருக்கும். தனி சார்ஜர் வேண்டாம் என்பது வசதி. ஆனால் கொள்ளளவை எம்ஏஎச்சில் போடாமல் எம்டபிள்யூஎச்சில் (மில்லிவாட்-மணி) போட்டு எண்ணைப் பெரிதாக்கிக் காட்டுவார்கள். 3,000 என்று இருந்தால் 1.5ஆல் வகுங்கள், 2,000 எம்ஏஎச்தான். 2,000 எம்ஏஎச் நிக்கலில் 1.2ஆல் பெருக்கினால் 2,400 எம்டபிள்யூஎச் வரும். ஆக வித்தியாசம் இருக்கிறது, அட்டை காட்டும் அளவுக்கு இல்லை. தீரும்போது இவற்றில் பல எந்த அறிகுறியும் இல்லாமல் ஒரே நொடியில் அணையும் என்பதால் மலை ஏறுபவருக்கு இதை நாங்கள் சொல்லமாட்டோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

விலை கடைக்குக் கடை மாறும், உங்கள் கடை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஆல்கலைன் ஏஏ 2 வெள்ளி 50 காசு, ஒரு நிக்கல் ஏஏ 14 வெள்ளி, நல்ல சார்ஜர் 90 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம்.

தினமும் எரியும் லைட், இரண்டு ஏஏ, மூன்று இரவுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கு 240 பேட்டரிக்கு மேல் ஆகும், 600 வெள்ளியைத் தாண்டும். நான்கு நிக்கலும் சார்ஜரும் சேர்ந்து 146 வெள்ளி. மூன்று மாதத்தில் முதல் திரும்பிவிடும். ஒருமுறை சார்ஜ் ஏற்ற ஆகும் மின்சாரச் செலவு ஒரு காசுக்கும் குறைவு, அதைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

அலமாரி லைட், ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு ஆல்கலைன், 5 வெள்ளி. அதே 146 வெள்ளியை எடுக்க 29 ஆண்டு ஆகும். இங்கே பணத்துக்காக ரீசார்ஜ் வாங்குவதில் அர்த்தமில்லை. வீட்டில் விளையாட்டுச் சாமான், மவுஸ் என்று வேறு வேலைக்குச் சார்ஜர் ஏற்கெனவே இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

எரியும் நேரத்தையும் சுமாராகக் கணக்கிடலாம். 100 லூமன் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்துக்கு, சர்க்யூட் இழப்பையும் சேர்த்து, ஒரு வாட்டுக்குச் சற்று அதிகம் செலவாகும். ஒரு நிக்கல் ஏஏவில் 2.4 வாட்-மணி இருக்கிறது, ஆக இரண்டு மணி நேரம். ஆல்கலைன் அதே வேலையில் ஏறக்குறைய பாதி நேரம்தான் முழு வெளிச்சம் தரும். பினாங்குத் தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து கொடிமலை உச்சிக்குப் போகும் ஜீப் சாலை 5 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், செங்குத்தானது. விடிவதோ ஏழு மணி சுமாருக்குத்தான். ஐந்து மணிக்கு ஏற ஆரம்பிப்பவருக்கு ஒற்றை ஏஏ லைட்டில் ஒரு நிக்கல் சரியாக எல்லையில் நிற்கும். மாற்றுக்கு ஒன்று வேண்டும், அல்லது 50 லூமனில் வைத்து நடக்க வேண்டும். தார்ச்சாலைக்கு 50 தாராளம்.

ஆக எங்கள் தேர்வு இப்படி. வாரம் ஒருமுறையாவது நன்றாக எரியும் லைட்டுக்கு நிக்கல். காரிலும் அவசரப் பையிலும் கிடக்கும் லைட்டுக்கு, அதன் சர்க்யூட் ஏற்குமானால், ஒருமுறை லித்தியம். வீட்டு அலமாரி லைட்டுக்கு ஆல்கலைன் போதும், ஆனால் லைட்டுக்குள் போடாமல். பேட்டரியை அதன் அட்டையிலேயே விட்டு, ரப்பர் பேண்டு போட்டு லைட்டோடு கட்டி வையுங்கள். இருட்டில் இரண்டு பேட்டரியைப் போட அரை நிமிடம் ஆகும், அவ்வளவுதான். முதியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் அந்த அரை நிமிடமும் கஷ்டம், அங்கே லித்தியத்தை உள்ளேயே போட்டு வைத்துவிடுவது நல்லது.

சார்ஜரில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்

நல்ல நிக்கல் பேட்டரியை மட்டமான சார்ஜர் ஓராண்டில் தீர்த்துவிடும். பேட்டரியோடு சேர்த்து மலிவாகத் தரும் சார்ஜர்களில் பல, நேரத்தை மட்டும் பார்த்து நிறுத்தும், சில நிறுத்தவே நிறுத்தாது. இரண்டிரண்டாக மட்டுமே ஏற்றும் சார்ஜரும் வேண்டாம். பாதி தீர்ந்த ஒன்றும் முழுக்கத் தீர்ந்த ஒன்றும் ஜோடியாக உட்கார்ந்தால் ஒன்று வழியும், மற்றது நிறையாது. ஒவ்வொரு பேட்டரிக்கும் தனி விளக்கோ தனித் திரையோ இருக்கும் சார்ஜராகப் பாருங்கள்.

நிக்கல் நிறைந்ததும் அதன் வோல்ட் சில மில்லிவோல்ட் கீழே இறங்கும். நல்ல சார்ஜர் அந்தச் சிறு இறக்கத்தைப் பிடித்துத்தான் நிறுத்துகிறது. மிக மெதுவாக ஏற்றினால் இறக்கம் தெளிவாகத் தெரியாமல் போய் சார்ஜர் தவறவிடலாம். 2,000 எம்ஏஎச் ஏஏவுக்கு 700 முதல் 1,000 மில்லிஆம்பியர் வரை வைத்தால் நன்றாக இருக்கும், இரண்டிலிருந்து மூன்றரை மணி நேரத்தில் முடியும். ஏஏஏ சிறியது, 300 முதல் 400 போதும். முடியும் தறுவாயில் பேட்டரி இளஞ்சூடாக இருப்பது இயல்பு. கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் எடுத்துவிடுங்கள், அந்தப் பேட்டரியோ சார்ஜரோ கெட்டிருக்கிறது. மெத்தை மேலும் சோபா மேலும் வைத்து ஏற்ற வேண்டாம். சுவரில் நேராகச் செருகும் சார்ஜர், அடாப்டர் வாங்கும்போது மூன்று கால் பிளக்கும் மலேசியத் தரச் சான்றான சிரிம் ஒட்டியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கியதும் ஒரு மார்க்கர் பேனாவால் ஒவ்வொன்றின் மேலும் மாதமும் ஆண்டும் எழுதி, சேர்ந்து ஓடுபவற்றுக்கு ஒரே எழுத்தைப் போட்டுவிடுங்கள். ‘க’ ஜோடி எப்போதும் ஒன்றாகவே லைட்டுக்குள் போகும், ஒன்றாகவே சார்ஜருக்கு வரும். இதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று பேட்டரி வரிசையில் ஒன்று மட்டும் முதலில் தீர்ந்தால், மற்ற இரண்டும் அதன் வழியாக மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தீர்ந்தது தலைகீழாகச் சார்ஜ் ஏறி, நிக்கல் என்றால் நிரந்தரமாகக் கெடும், ஆல்கலைன் என்றால் உள்ளே வாயு சேர்ந்து ஒழுகும். பழையதையும் புதியதையும், ஒரு பிராண்டையும் மற்றொன்றையும், ஆல்கலைனையும் நிக்கலையும் கலக்காதே என்று சொல்வது இதனால்தான். வெளிச்சம் கண்ணுக்குத் தெரிய மங்கியதும் அணைத்துவிடுங்கள், சொட்டுச் சொட்டாக உறிஞ்ச வேண்டாம்.

ஆல்கலைன் பாதி தீர்ந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. தட்டை முனை கீழே இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து, மேசைக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலிருந்து விடுங்கள். புதியது பொத்தென்று விழும், தீரத் தொடங்கியது துள்ளும். நிக்கலுக்கு இது உதவாது. மல்டிமீட்டர் இருப்பவர்களுக்கு: ஆல்கலைன் 1.5க்கு மேல் என்றால் புதிது, 1.3 என்றால் பாதிக்குக் கீழே போய்க்கொண்டிருக்கிறது. நிக்கல் கடைசிவரை 1.2, 1.3 என்றே காட்டுவதால் மீட்டரை வைத்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது.

18650: பலமும் ஆபத்தும்

அதிக வெளிச்ச லைட்டுகள் 18650 போன்ற லித்தியம்-அயன் ரீசார்ஜ் பேட்டரியில்தான் ஓடுகின்றன. பெயரிலேயே அளவு இருக்கிறது: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். 21700 என்றால் 21, 70. வோல்ட் 3.6 அல்லது 3.7, முழுக்க ஏறினால் 4.2.

புதிதாக வருபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது போலிகளைப் பற்றி. நல்ல 18650 ஒன்றின் கொள்ளளவு பெரும்பாலும் 3,500 எம்ஏஎச் சுற்றுதான். 6,800, 9,900 என்று எழுதியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், பொய். சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள்: உண்மையானது 45 முதல் 50 கிராம். முப்பது கிராம் காட்டினால் உள்ளே பாதி காலி.

பாதுகாப்பு சர்க்யூட் உள்ள 18650 அடியில் ஒரு வட்டத் தகடு சேர்வதால் 68, 70 மில்லிமீட்டர் வரை நீளும். எல்லா லைட்டிலும் நுழையாது, லைட்டின் கையேடு எதைக் கேட்கிறதோ அதை வாங்குங்கள். ஒற்றை 18650 போடும் லைட்டோடு தொடங்குங்கள், இரண்டு மூன்றைத் தொடராகப் போடும் லைட் அனுபவப்பட்டவர்களுக்கு.

லித்தியம்-அயனின் பக்கச் சுவர் முழுவதும் - முனைதான். மேலே ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் உறை மட்டுமே அதை + முனையிலிருந்து பிரித்து வைக்கிறது. உறை கிழிந்திருந்தால், குறிப்பாக + முனையின் ஓரத்தில் கிழிந்திருந்தால், பயன்படுத்த வேண்டாம். சாவி, சில்லறையோடு ஒரே பாக்கெட்டில் போட்டால் ஷார்ட்டாகி தீப்பிடிக்கும். பிளாஸ்டிக் பெட்டி ஓரிரு வெள்ளிக்குக் கிடைக்கிறது, அதில் வையுங்கள். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் விமானம் ஏறும்போது தனி பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும், சரக்குப் பெட்டியில் கூடாது.

சைஸ் ஒத்துப்போகிறதே என்று மாற்றிப் போடுவதில்தான் அதிக லைட்டுகள் கருகுகின்றன. 14500 பார்ப்பதற்கு ஏஏ போலவே இருக்கும், ஆனால் 3.7 வோல்ட். 16340 பார்ப்பதற்கு சிஆர்123ஏ என்ற ஒருமுறை லித்தியம் போலவே இருக்கும், ஆனால் சிஆர்123ஏ 3 வோல்ட், 16340 4.2 வரை ஏறும். லைட்டின் கையேடு பெயர் சொல்லி அனுமதித்தால் தவிரப் போட வேண்டாம். நிக்கல் சார்ஜரில் லித்தியம்-அயனை வைப்பதும் கூடாது. 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி மாதக்கணக்கில் கிடந்ததை மறுபடி ஏற்றிப் பார்க்கவும் கூடாது.

பேட்டரி உள்ளேயே அடைத்து யுஎஸ்பி-சியில் ஏற்றும் லைட்டுகள் சொந்த சார்ஜர் வேண்டாம் என்பவர்களுக்கு நல்லது. வாங்கும்போது பேட்டரியைக் கழற்ற முடியுமா என்று கேளுங்கள், முடியாவிட்டால் பேட்டரி செத்ததும் லைட்டும் சேர்ந்து போகும். ஒரு சில்லறைத் தகவல்: இரண்டு பக்கமும் யுஎஸ்பி-சி உள்ள கேபிளில் சில மலிவு லைட்டுகள் சார்ஜ் ஏறாது. உள்ளே இருக்க வேண்டிய சிறு ரெசிஸ்டரை வைக்காமல் விட்டிருப்பார்கள். பழைய தட்டை யுஎஸ்பி முனை உள்ள கேபிளில் போட்டால் ஏறிவிடும்.

வெப்பமும் ஈரமும்

இங்கே வீட்டுக்குள்ளேயே ஆண்டு முழுக்க முப்பது டிகிரி சுற்றி நிற்கிறது. வெப்பம் கூடக் கூட எல்லா பேட்டரியும் சும்மாவே சார்ஜை இழக்கும், ஆல்கலைன் ஒழுகும் வாய்ப்பும் கூடும். ஃபிரிட்ஜ் மேல்தட்டு, அடுப்புப் பக்கத்து அலமாரி, வெயில் படும் ஜன்னல் ஓரம் மூன்றும் வேண்டாம். நிறுத்தி வைத்த காரின் டாஷ்போர்டு அறுபது டிகிரியைத் தாண்டிவிடும். லித்தியம்-அயன் லைட்டைக் காரில் விடவே வேண்டாம், மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியிலும் அப்படித்தான். ஃபிரிட்ஜுக்குள் வைத்தால் நீடிக்கும் என்பதையும் விட்டுவிடுங்கள். நம் ஈரக்காற்றில் வெளியே எடுத்த மறுநிமிடம் பேட்டரி மேல் பனித்துளி அரும்பி முனைகள் துருப்பிடிக்கும். படுக்கையறை அலமாரியின் கீழ்த்தட்டு போதும்.

லித்தியம்-அயனை மாதக்கணக்கில் வைப்பதாக இருந்தால் முழுக்க ஏற்றாமல் 3.7, 3.8 வோல்ட்டில், அதாவது பாதிச் சார்ஜில் வையுங்கள். நிக்கலை நிறைத்தே வைக்கலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றினால் போதும். ‘க்ளிக்’ என்று அழுந்தாத மின்னணுப் பொத்தான் வைத்த லைட்டுகள் அணைந்திருக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜை இழுக்கும். பல லைட்டுகளில் பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினாலே தொடர்பு அறுந்துவிடும். பொத்தானை அழுத்தி எரியவில்லை என்றால் அறுந்துவிட்டது.

ஒழுகிவிட்டால்

ஆல்கலைனிலிருந்து வருவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம். காற்றுப் பட்டு வெள்ளைப் பொடியாகும். கார்பன்-ஜிங்கிலிருந்து வருவது அமிலத்தன்மை உள்ளது. ஆகவே முதலில் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1. ரப்பர் கையுறை போட்டு, முகத்தைத் தள்ளி வைத்து, பழைய நாளிதழ் மேல் லைட்டைத் திறந்து தட்டுங்கள். பொடி கண்ணில் பட்டால் தண்ணீரில் நீண்ட நேரம் கழுவி மருத்துவரைப் பாருங்கள்.

2. பேட்டரி சிக்கிக்கொண்டால் சுத்தியலாலும் ஸ்க்ரூடிரைவராலும் குத்த வேண்டாம். தலைப்பகுதி கழலும் லைட் என்றால் அதைக் கழற்றிவிட்டு, மரக்குச்சியால் மறுபக்கத்திலிருந்து தள்ளுங்கள். வரவில்லை என்றால் ஒரு தேக்கரண்டி வினிகரை ஊற்றி அரை மணி விட்டுத் தள்ளுங்கள், கார்பன்-ஜிங்க் என்றால் வினிகருக்குப் பதில் சோடா உப்புக் கரைசல்.

3. ஆல்கலைன் என்றால் காதுக்குச்சியை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ தொட்டு ஸ்பிரிங்கையும் முனையையும் துடையுங்கள். நுரைக்கும், நுரை நிற்கும்வரை துடைக்க வேண்டும். கார்பன்-ஜிங்க் என்றால் சோடா உப்பு.

4. லேசாக நனைத்த துணியால் வினிகரைத் துடைத்து எடுத்து, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை. வினிகரை அப்படியே விட்டால் அதுவே ஸ்பிரிங்கை அரிக்கும்.

5. ஸ்பிரிங் கருத்திருந்தால் மெல்லிய மணல்தாளால் பளபளப்பு தெரியும்வரை தேய்த்து, ஒரு நாள் விசிறிக் காற்றில் உலர்த்தி, பிறகு புது பேட்டரி போட்டுப் பாருங்கள். மின்னி மின்னி அணைந்தால் பெரும்பாலும் மூடியின் திருகுப் பள்ளத்தில் இன்னும் அழுக்கு இருக்கிறது.

பச்சைக் களிம்பு எல்இடி பலகை வரை ஏறியிருந்தால் அந்த லைட்டைச் சரிசெய்ய நேரம் செலவழிக்க வேண்டாம்.

தீர்ந்ததை எங்கே போடுவது

ஆல்கலைனில் இப்போது பாதரசம் சேர்ப்பதில்லை, என்றாலும் மற்றவற்றோடு சேர்த்துச் சேகரித்துக் கொடுத்துவிடலாம். நிக்கலையும் லித்தியத்தையும் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில், காட்மியமும் நிக்கலும், பாதரசம் அல்லது லித்தியம் உள்ள பேட்டரிக் கழிவுக்கு எஸ்டபிள்யூ103 என்று தனி எண்ணே இருக்கிறது. வீட்டு மின்கழிவைச் சேர்க்கும் இடங்களை சுற்றுச்சூழல் துறையிடமும் உங்கள் நகராண்மைக் கழகத்திடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கொண்டுபோகும்வரை ஒவ்வொரு லித்தியத்தின் இரு முனையிலும் டேப் ஒட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வையுங்கள், பழைய பிஸ்கட் டின் வேண்டாம். பழைய பேப்பர், பழைய இரும்பு வாங்க ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வரும் லாரியிடம் கொடுப்பதும் சரியில்லை. இரும்புச் சாமானுக்கு நடுவில் ஒரு 18650 நசுங்கினால் லாரியே தீப்பிடிக்கும்.